ஆறு நான்கு

வடிவமைப்போருக்கு ஒரு பக்கக் குறிப்பு கேட்டார்கள்.
எழுதுகிறேன்.

தொண்ணூறு பங்கு டைட்டானியம்,
ஆறு அலுமினியம், நான்கு வனேடியம்.
ஷெஃபீல்டில் எங்கள் பட்டறையில்
யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை.
‘ஆறு நான்கு வந்திருக்கு’ என்பார் ராய்ஸ்டன் தாக்ரே,
வாசலில் கடன்காரன் நிற்பதைச் சொல்லும் குரலில்.

எடை, எஃகில் பாதிக்குச் சற்று மேல்.
முதல்முறை தூக்குபவரின் கை
தானாக மேலே போய்விடும்,
இல்லாத படியில் கால் வைத்தவர் போல.
வலிமையில் எஃகோடு தோள் உரசும்;
விறைப்பில் மட்டும் பாதி.
வளையும், விட்டால் திரும்பி வரும்.
இதை மறந்து மெலிதாக வரைகிறவர்கள்
நடுங்கும் கைப்பிடியோடு என்னிடம் வருவார்கள்.

கடல்நீர் அதை ஒன்றும் செய்யாது.
எலும்பு அதன் சொரசொரப்பில் மெல்ல வேர் பிடிக்கும்.
தன்னோடு தானே உரசும் இடத்தில் மட்டும் போடாதீர்கள்.
கவ்வினால் விடாது.
என் மேசையில் ஒரு திருகாணியும் அதன் மறையும்
பிரிக்க முடியாத சண்டைக்காரர்களாய்க் கிடக்கின்றன.

வெப்பம் அதற்குள் நடக்கச் சோம்பும்.
கடையும்போது சூடு அத்தனையும் கத்தி முனையில் தேங்கும், ஆறாது.
மெதுவாகச் சுற்று. ஆழமாக வெட்டு. குளிர்நீரை வாரி இறை.
தயங்கி நின்றால் அந்த இடம் கல்.
இவை, என் வரைபடங்களின் ஓரத்தில்
ராய்ஸ்டன் பென்சிலால் கிறுக்கிய வசவுகளிலிருந்து
நான் பொறுக்கியவை.

பிப்ரவரியில் அவருக்குக் குடலில் கட்டி என்றார்கள்.
மூன்றாம் சுற்று மருந்துக்குப் பின் தொலைபேசியில் வந்தார்.
‘எதைத் தின்றாலும் ஆணியை நக்கின மாதிரி இருக்கு.
கிளெண்டாவோட பட்டாணி சூப்பும் ஆணி. தேநீரும் ஆணி.
பிளாஸ்டிக் கரண்டியைக் கொடுத்து
என்னைக் குழந்தையாக்கப் பார்க்கிறாங்க.
ஏதாவது வரை.’

விமான இறக்கைக்குத் தாங்கி வரைந்தவள் நான்.
உதட்டில் படும் விளிம்பை ஒன்பது முறை மாற்றினேன்.

கரண்டிக்குத் தூய டைட்டானியமே போதும்; இளகினது, மலிவு.
குறிப்பில் இதை அப்படியே போடுங்கள்.
அவர் கேட்டது ஆறு நான்கு.
‘பதினெட்டு வருஷம் என் கத்திகளைத் தின்றது.
இனி நான் கடிக்கிறேன்.’

உலோகச் சுவை என்பது
உலோகம் கொஞ்சம் கரைந்து நாவுக்கு வருவது.
இது வராது.
காற்றுப் பட்ட கணமே ஒரு தோல் போர்த்திக்கொள்ளும்,
கண்ணுக்குப் பிடிபடாத தோல்.
கீறிப் பாருங்கள்,
கையை எடுப்பதற்குள் காயம் ஆறியிருக்கும்.
அறுசுவையில் ஒன்றும் அதனிடம் இல்லை.

இடுப்பு மூட்டுக்கு வெட்டிய தண்டில் மிஞ்சிய துண்டு.
ராய்ஸ்டனின் இயந்திரத்தில் ஹோதான் நின்றாள்.
ஒரு சுருள் பற்றிக்கொண்டு வெள்ளையாய் எரிந்தது.
தண்ணீர் ஊற்றாதீர்கள், எப்போதும். உலர்ந்த மணல்.

கைப்பிடிக்கு நிறம். சாயம் வேண்டாம்.
கரைசலில் முக்கி மின்சாரம் விட்டால் தோல் தடிக்கும்,
ஒளி அதில் இடறி நிறமாகும்.
முப்பது வோல்ட் பக்கம் நீலம், அறுபதில் பொன்,
நூறில் பச்சை.
எவ்வளவு ஏற்றினாலும் சிவப்பு மட்டும் வராது.
ராய்ஸ்டனின் அணி நீலம், எதிரணி சிவப்பு.
இந்தச் செய்தியில் அவர் அன்று முழுக்கச் சிரித்ததாய்
கிளெண்டா சொன்னாள்.

ஞாயிறன்று அவரே அழைத்தார்.
‘ஆணி போச்சு.’
பட்டாணி?
‘அது இன்னும் வரலை.
சூடு தெரியுது. உப்பு, ஒரு ஓரத்தில்.
பிடி கனம் போதலை, மறுபடி வரை.’

விலை: கடையில் வாங்கும் கரண்டியைப் போல் எண்பது மடங்கு,
இயந்திர நேரம் சேர்க்காமல்.
கணக்கில் ‘சோதனைத் துண்டு’ என்று எழுதியிருக்கிறேன்.
இந்த வரியை
அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிடவும்.